உப்புக்குச் சப்பாணி

மேலே தளம் அதிர்கிறது,
நிமிடத்துக்கு நூற்று முப்பது அடி.
அதற்குக் கீழே, பழைய கொதிகலன் அறையில் நான்.
மூன்று சோபா. மீனில்லாத மீன்தொட்டி.
நறுக்கிய ஆரஞ்சு ஒரு தட்டில்.
ரெக்கார்டு சுழற்ற இரண்டு பெட்டி.
கதவில் யாரோ சாக்பீஸால் எழுதியது:
மெதுவாக.

லீட்ஸ் நகரம், தொண்ணூற்றிரண்டு, குளிர்காலம்.
பகலில் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறேன்,
சனி இரவில் இது.
இரண்டும் ஒரே வேலைதான் என்பாள் டெனீஸ்:
படுத்திருப்பவர்களை
ஆட்டாமல் நகர்த்துவது.

ஆட வந்தவர்கள் ஆடித் தீராமல்
இறங்கி வருகிறார்கள்,
தாடை இறுகி, கண்மணி விரிந்து.
முதல் வாரம் கடல் அலைச் சத்தம் போட்டேன்.
ஐந்து பேர் கழிவறைக்கு எழுந்து போனார்கள்.

பிறகு இபிஸாவிலிருந்து
தோலுரிந்து திரும்பிய ரஸல்
ஒரு கேசட் கொண்டுவந்தான்.
அங்கே ஒரு பாரில், சூரியன் கடலில் இறங்கும் வேகத்துக்கு
ஒருவர் பாட்டு வைப்பாராம்.
கொஞ்சம் கிட்டார், கொஞ்சம் ஓபரா,
கடைசியில் பெயரில்லாத நீண்ட ஒலி.
முழுகியதும் எல்லோரும் கைதட்டுவார்களாம்.
யாருக்கு என்று கேட்டேன்.
அவனுக்கும் தெரியவில்லை.

எங்களுக்குச் சூரியன் கிடையாது.
ஹீட்டரின் சிவப்புக் கம்பிதான்.

இருபது பென்ஸுக்கு ஒன்று என்று
நன்கொடைக் கடையில் ஒரு பெட்டி வாங்கினேன்,
இறந்தவர் வீட்டைக் காலி செய்தபோது வந்தது.
உறையில் எரிமலை, முன்னால் பூச்சூடிய பெண்.
பின்னட்டையில் ஊதா மையில்:
ஐரிஸ் பிக்கர்ஸ்கில், 1959.

வைப்ரஃபோன், போங்கோ,
சம்பளத்துக்குக் கிளியாய்க் கத்தும் ஆண்கள்.
காட்டையே பார்க்காத காட்டு இசை.
போருக்குப் போய்த் திரும்பியவர்கள்
அங்கே தங்களுக்குக் கிடைக்காத தீவை
வரவேற்பறைக்கு வாங்கிப் போட்டார்கள்.
புது ஸ்டீரியோவைக் காட்டிக்கொள்ள
கிளி இடப்பக்கம் கூவிவிட்டு
வலப்பக்கம் போய் உட்காரும்.
விருந்தாளி "அட" என்பார்.
அதோடு கேட்பது முடிந்தது.
மீதி நேரம் அது
பேச்சுக்கு நடுவே, பேச்சில் இடறாமல் ஓட வேண்டும்.
ஆட்டத்தில் உண்டு, கணக்கில் இல்லை.

அதை வேகம் குறைத்து ஓடவிட்டேன்.
அடியில், கிங்ஸ்டனிலிருந்து வந்த ஒரு டப்;
பாடியவரைத் துரத்திவிட்டு
எதிரொலியை மட்டும் குடிவைத்தது.
கிளி ஆந்தையானது.

மார்ச்சில் ஓர் இரவு
டியூஸ்பரிப் பையன் ஒருவன் என் சட்டையைப் பிடித்தான்.
"நெஞ்சு ஓடுது, நிக்க மாட்டேங்குது."
நாடி பிடித்தேன். நூற்று முப்பது.
மேல்தளத்தோடு ஒரே தாளம்.
தண்ணீர், ஈரத்துணி.
ஆம்புலன்ஸ் எண் நாக்கு நுனியில்.
முதுகைத் தடவிக்கொண்டே இருந்ததில்
ரெக்கார்டைக் கவனிக்கவில்லை.
டப் எப்போதோ முடிந்திருந்தது.
ஐரிஸின் இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டில் ஒரு கீறல்.
ஊசி சிக்கிக்கொண்டது:

ஒரு மணியொலி, பாதிக் கிளி, டக்.
ஒரு மணியொலி, பாதிக் கிளி, டக்.

நாற்பது நிமிடம்.
யாரும் தலை தூக்கவில்லை.
பதினேழு பேர் டக்குக்கு டக் மூச்சு விட்டார்கள்.
நூற்றுப் பத்து. தொண்ணூற்றாறு.
எண்பதில் பையன் என் தோளில் குறட்டை விட்டான்.

கிளப் முதலாளி எட்டிப் பார்த்தார்.
"யாருப்பா இது? புதுசா? ஜெர்மனியா?"
ஐரிஸ் பிக்கர்ஸ்கில் என்றேன்.
தீப்பெட்டியில் குறித்துக்கொண்டார்.
அடுத்த மூன்று வாரம்
ஊரிலுள்ள ரெக்கார்டு கடைகளிலெல்லாம் கேட்டிருக்கிறார்.

எனக்கு அந்தக் கீறல்தான் விளங்கவில்லை.
மற்றபடி அவள் அதைக் கண்ணாய்ப் பார்த்திருக்கிறாள்.
ஒரே ஒரு கோடு. குறுக்கே. ஆழமாய்.
பாட்டு ஓடும்போது யாரோ
கதவை அறைந்து சாத்திவிட்டுப் போயிருக்கலாம்.
இல்லை, அவளே தனியாய் எழுந்து ஆடி
மேஜையில் இடித்திருக்கலாம்.
எதுவானாலும் அந்த அதிர்ச்சியில்
முப்பத்து மூன்று வருடம் கழித்துத்
தலைவைத்துப் படுத்திருந்தார்கள் பதினேழு பேர்.

ஆறு மணிக்கு விளக்கைப் போட்டேன்.
பையன் ஒற்றை ஷூவைத் தேடினான்.
மீன்தொட்டியில் கிடந்தது.