கதவுக்கு இந்தப் பக்கம்

முத்தமிடப் போகும் நேரத்தில்
கதவைச் சாத்திவிடுகிறான் அந்த இயக்குநர்.
பெர்லின், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று.
பாட்டு உள்ளே நடக்கிறது.
நமக்குக் கிடைப்பது
வெளியே தட்டோடு நிற்கும் வேலைக்காரன்,
தாளம் தப்பாமல் நடுங்கும் நாலு கோப்பைகள்.

ஏகாம்பரம் வீதியில், தையல் கடைக்கு மேல் அறையில்
ஏழாம் தரம் ஓடவிட்டுப் பார்க்கிறோம்
நானும் கமெராக்கார நஸ்ரினும்.
சிரிப்பு வருகிறது. வரத்தான் செய்கிறது.
பாடுகிற வாயை விடு, கேட்கிற காதைப் பிடி என்று
கொப்பியில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

மறுநாள் மூதூர்ப் படகுத்துறையில் ஒத்திகை.
எஞ்சினின் தடதடப்பில் பாட்டுத் தொடங்கி
டிக்கெட் கிழிப்பவன் கைக்கு மாறி
ஐஸ் பெட்டி மூடி, மீன் தராசு என்று
ஆள் ஆளாய்க் கடந்து போக வேண்டும்.
எஞ்சின் எங்கள் சொல் கேட்கவில்லை.
வசனத்தாளில் பாதியை ஒரு மான் தின்றது.

கடைசிக் காட்சி, பச்சைக் கதவு வீடு.
உள்ளே அவளும் அவனும் பாட
நஸ்ரின் கதவைச் சாத்தினாள்.
வெளியே நடிக்க நின்ற செபமாலை அண்ணர்
தட்டைக் கீழே வைத்துவிட்டார்.
சாத்திய கதவின் முன்னால் எப்படி நிற்பதென்று
இந்த ஊரில் யாருக்கும்
சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.
அவர் காது கொடுத்த விதத்தில் பகிடி இல்லை.
அக்சன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெர்லின்காரனுக்கு இது தெரிந்திருக்காது.
அல்லது
இரண்டு வருடம் கழித்துத் தெரிந்திருக்கும்.

கதவைத் திற என்றேன்.
பாட்டு வெளியே வந்தது
கொஞ்சம் சுருதி விலகி,
பக்கத்து வீட்டில்
வெங்காயம் வதங்கும் மணத்தோடு.