அய்யூருக்கு மேலே

டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கு என்றான் முனிரத்தினம்.
கெட்டி டயர் சரளைக்கு ஆகாது,
கல்லுக்குக் கல் சண்டை பிடிக்கும்.

தேன்கனிக்கோட்டை வரை தார்.
அய்யூர் தாண்டியதும்
சக்கரத்தின் அடியில் சத்தம் மாறியது:
நறநற, நறநற,
யாரோ பச்சரிசி மெல்கிற மாதிரி.

மூன்றாவது வளைவில் இறங்கித் தள்ளினேன்.
வெட்கமெல்லாம் இல்லை. மூச்சுத்தான் இல்லை.
குறுக்கே ஒரு மூங்கில் முறிந்து கிடந்தது,
முறிந்த இடம் இன்னும் ஈரமாக.
அதுவரை ஓயாமல் பேசிவந்தவன்
பேச்சை நிறுத்தினான்.

பாதை நடுவே கூடையளவு சாணம்.
கை நீட்டினேன்,
தொடும்முன்பே சூடு.

போனில் பெட்டமுகிலாளம் வரை
நீலக் கோடு போய்க்கொண்டிருந்தது.
இன்னும் ஆறு கிலோமீட்டர்.
தடை ஏதும் இல்லையாம்.

கீழே கேழ்வரகுக் கொல்லை.
பரண் மேல் நின்று ஒருவர் கத்தினார்,
பாதி கன்னடம், பாதி தமிழ்:
"மரி இதே! கூட்டத்துல மரி இதே!
திரும்புங்க!"

மரி என்றால் குட்டி என்று
முனிரத்தினம் சொல்லி முடிப்பதற்குள்
என் கால்களுக்குப் புரிந்துவிட்டது.
சைக்கிளைத் திருப்பியிருந்தேன்.

இறக்கத்தில் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்தோம்.
கல் தெறித்துக் கணுக்காலில் அடித்தது.
அம்மா என்றுகூடச் சொல்லவில்லை நான்,
அங்கே வேறொரு அம்மா
காதை விரித்து நின்றிருக்கலாம்.

அய்யூர்க் கடையில் டீ.
வாங்கியதும் சிரிப்பு வந்துவிட்டது இருவருக்கும்,
கிளாஸ் ஆடி, கையெல்லாம் சிந்தி.
ஏறியது பதினொன்று, பார்த்தது சாணம்
என்றான்.
பன்னைக் கடித்தேன்.
பல்லுக்கிடையில்
நறநற.