துளிக் கணக்கு

"என்ன மிஸ், மருந்தா?" என்றான் கொண்டக்டர்.
ஆமாம் என்றேன்.
டிக்கோயா ஆஸ்பத்திரி லேப்காரி சொன்னால்
நம்பித்தான் ஆகவேண்டும்.
காலடியில் யாரோ ஒருவரின் கருவாட்டுப் பொதி.
கினிகத்தேனை வளைவுகளெல்லாம்
மடியில் ஏந்தி வந்த ரெஜிபோம் பெட்டிக்குள்
கைமுட்டி அளவில், உயிரோடு,
ஒரு மட்டி.

கிங்ஸ்லிக்குத் தெரியாது.
இந்த மாதச் சீட்டுக் காசு என்பதும் தெரியாது.
தொட்டி அவனுடையது. கட்டாருக்குப் போகையில்
ஒரு பல் பிரஷ்ஷையும் ஒரு ஜோடிச் செருப்பையும்
ஐந்து பவளங்களையும் இரண்டு கோமாளி மீன்களையும்
என் பொறுப்பில் விட்டுப் போனான்.
"ஹீட்டர் லைட் அணைஞ்சா உடனே கோல் எடு."
எடுத்தால்?
ஜனவரி விடியலில், சுவரெல்லாம் வியர்க்கும் குளிரில்,
நாலடிக் கடலைக் கதகதப்பாய் வைத்திருப்பவள் நான்.
பக்கெட்டில் உப்பைக் கரைத்து
மாதாமாதம் புதுக்கடல் செய்பவளும்.

முதலில் விளக்கை அணைத்தேன்.
பையை அரைமணி மிதக்கவிட்டேன்.
உப்புமானியில் பைத் தண்ணீர் இருபத்தொன்று,
தொட்டித் தண்ணீர் இருபத்தைந்து.
நாலு புள்ளிதான்.
அதற்கும் குறைந்த வித்தியாசத்தில் நின்றுபோகிற இதயங்களை
பொட்டாசியம் ரிப்போர்ட்டில் தினம் பார்க்கிறேன்.
ஆகவே, குப்பைக்குப் போகவிருந்த
காலாவதியான சேலைன் செட்.
ஒரு நுனி தொட்டிக்குள், மறு நுனி தரையில் பேசினுக்குள்.
சில்லை உருட்டி உருட்டி
நொடிக்கு மூன்று துளிக்குக் கொண்டுவந்தேன்.
ஊசி போட வந்த பிள்ளையின் விரல்கள் மாதிரி
இறுக மூடிக் கிடந்தது மட்டி.

நாற்பதாவது நிமிடம் கரண்ட் போனது.

தொட்டிக்குக் கம்பளி போர்த்தினேன்.
சுடுதண்ணீர்ப் போத்தல் இரண்டு உள்ளே மிதந்தன.
பாட்டரிப் பம்ப் முனகியது.
ஜன்னல் முழுக்கப் பனிமூட்டம்.
துளியைக் காதால் எண்ணிக்கொண்டிருந்தேன்.
அப்போது பார்த்து வீடியோ கோல்.

"யாருக்கு சேலைன்? ஜெசிந்தா, யாருக்கு என்ன?"

அவன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.
கமராவைப் பேசினுக்குத் திருப்பினேன்.
கட்டார் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு,
"அரிசி மாதிரி நத்தை இருக்கும். ஓட்டைத் தேய்ச்சியா?"
தேய்ச்சாச்சு.
"எதால?"
உன் பிரஷ்ஷால.

பழைய தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டியில் கலக்காமல்
இரு கையாலும் எடுத்து
மணலில் கிடந்த தட்டைக் கல்லின்மேல்
வாய் மேல்நோக்கி வைத்தேன்.
மூன்று நாள் அது கல்லோடு கல்.
மார்ச்சரிக்குப் போன் பண்ணலாமா என்று
வேலையிடத்தில் என்னைக் கேலி செய்தார்கள்.
நாலாம் நாள் டியூட்டி முடிந்து வந்தால்
நீலம்.
கொழுந்து லொறியின் படங்கு நீலம் இல்லை,
பள்ளிக்கூட மை நீலம் இல்லை,
ஓரத்தில் மஞ்சள் பொட்டுகளோடு
உதட்டை மடித்து மடித்து விரித்த
ஒரு நனைந்த நீலம்.
குனிந்தேன். நிழல் பட்டது.
மூடிய வேகத்தில் மணல் புகைந்தது.

முன்பெல்லாம் விசா பேப்பரைக் கேட்டுவிட்டு
மட்டியைக் கேட்பான்.
இப்போது மட்டியைக் கேட்டுவிட்டுத்தான் விசா.
"ரெண்டு பேருக்கு ரூம் பார்த்திருக்கேன்" என்கிறான்.
நான் ஹீட்டர் விளக்கைப் பார்க்கிறேன்.

நேற்று: "வெளிச்சம் போதாது, மேல தூக்கி வை."
கை விட்டேன். வரவில்லை.
அடியில் நூல் விட்டுக் கல்லைப் பிடித்திருக்கிறது.
இழுத்தால் கிழிஞ்சிரும் என்றேன்.
கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் போல.

"கல்லோட தூக்கேன்" என்றான் கிங்ஸ்லி.

இது எனக்குத் தோன்றவில்லை.
கல் பெரிது.
தோள்வரை நனைந்து
அரையடி மட்டும் உயர்த்தி வைத்தேன்.
மிச்சம் அடுத்த வாரம் பார்ப்போம்.
என் நிழல் அதன்மேல் விழுந்து கிடந்தது.
பாதிதான் மூடியது.