அளவுக்கல்

ஒலுவிலுக்கு மறுபடி வந்தது
அலுவலகப் பயணம்தான்.
படிவத்தில் ‘நோக்கம்’ என்ற கட்டத்துக்குள்
‘கரையின் அகலம்’ என்று எழுதியிருந்தேன்.

போன கச்சானில் நட்ட கல்லைத் தேடினேன்.
சிவப்பு மை, இலக்கம் பதினேழு.
அடம்பன் கொடி படர்ந்த இடத்தில்
அலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
தென்னை ஒன்று
வேரெல்லாம் வெளியே தெரிய
குப்புறக் கிடந்தது.

கரைவலை வந்துகொண்டிருந்த நேரம்.
வடக்குக் கயிற்றில் ஆள் குறைவு.
“சேர், சும்மாதானே நிக்கிறீங்க?”
என்றார் உதுமாலெவ்வை.
அளவுநாடாவைச் சப்பாத்துக்குள் திணித்துவிட்டுப்
பிடித்தேன்.
அவர்கள் ‘ஏலோ’ என்று சாய்ந்தபோதெல்லாம்
நான் அரை மூச்சுப் பிந்தினேன்.
பின்னால் நின்ற பொடியன் சிரித்தான்.
பிறகு எப்போதோ
அவன் சிரிப்பது நின்றிருந்தது.

மடியில் கீரி, கொஞ்சம் பாரை,
இடது காற் செருப்பு ஒன்று.

“கல்லா சேர்?
அது ஒண்டரைப் பாகத் தண்ணிக்குள்ள கிடக்கு.
பாசி புடிச்சி, கலவாக் குஞ்சு குடியிரிக்கி.
வலை வளைக்கக்குள்ள சொல்லுவம்,
‘சேர்ட கல்லுக்கு வடக்கால விடு’ எண்டு.”

ஒன்றரைப் பாகம்.
மீற்றருக்கு மாற்றத் தெரியும்;
மாற்றவில்லை.

கயிறு பிடித்தவனுக்குப் பங்கு உண்டாம்.
மறுக்க விடவில்லை.
ஒரு கிலோ கீரி, கறுப்புப் பையில்.

கல்முனை பஸ்ஸில்
மடியில் கோப்பு, கோப்பின் மேல் பை.
சாய்ந்தமருது தாண்டும்போதுதான் பார்த்தேன்:
‘நோக்கம்’ கட்டத்தின் மை
மீன் தண்ணீரில் ஊறி
கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.