ஐந்தொகை

செவ்வாய்க்கிழமை வாங்கினேன், இருநூறு.
மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து
தேவகோட்டை ரஸ்தாவில் இறங்கின சுவர்க்கோழிகள்.
"கோழியா?" என்ற கண்டக்டரிடம்
ஆமாம் என்றேன், முட்டை அட்டையும் இருந்தது.

டப்பாவின் மூடியை அழுத்தினேனா?
அழுத்தியதாகத்தான் கை சொல்கிறது.
கரண்ட் போன நேரத்தில்
கை சொல்வதற்கு யார் சாட்சி.

விடிந்தபோது டப்பாவில் முப்பத்தொன்று.
கும்மாயம் தின்றது ஆறு, சீயம் நாலு.
(இரண்டும் பல்லிகள். சிறுத்தைப் புள்ளி, கொழுத்த வால்.
பசியாயிருந்த ஒரு மாலை பெயர் வைத்தேன்.)
ஆடிட்டர் ஆபீஸில் பதினோரு வருஷம் பேரேடு பார்ப்பவள்.
நூற்று ஐம்பத்தொன்பது
எழுத்துப் பிழையாக இருக்க முடியாது.

இரவு ஒன்பதுக்கு பீரோவின் அடியில் ஒன்று தொடங்கியது.
உத்தர இடுக்கிலிருந்து இன்னொன்று ஒத்துக்கொண்டது.
டார்ச்சோடு எழுந்தால் மௌனம்,
உட்கார்ந்தால் வழக்கு மறுபடி.

"மருந்து அடிங்கக்கா" என்றாள்
முன்கட்டில் தையல் மிஷின் வைத்திருக்கும் செவந்தி.
அடிக்கலாம். மருந்து தின்ற பூச்சியைக் கும்மாயம் தின்னும்.
அடிக்காமலும் இருக்க முடியாது:
பசித்த சுவர்க்கோழி, தூங்கும் பல்லியின் விரலைக் கடிக்கும்.
தீனி என்று நாம் வைத்த பெயர்
அதற்குத் தெரியாது.

ஊறுகாய் பாட்டிலின் கழுத்துக்குள் நெய் தடவி
அடியில் உருளைக்கிழங்குத் துண்டு போட்டு
ஏறி வர ஒரு ஸ்கேலைச் சாய்த்தேன்.
முதல் ராத்திரி பதினேழு.
ஏசியைப் பதினெட்டில் வைத்து
தொட்டிகளுக்கு மட்டும் கீழே சூட்டுப் பாய் விரித்ததில்
இறக்கை உரசவும் சோம்பிப்போனவற்றை
காபி டம்ளரால் கவிழ்த்தேன், ஒன்பது.
மூன்றாம் ராத்திரி முடிய பாட்டிலில் முப்பத்தெட்டு.

பசை அட்டையும் வைத்தேன்.
இதை எழுதத்தான் கூசுகிறது.
காலையில் அதில் நாலு சுவர்க்கோழி,
நடுவே வீட்டுப் பல்லி.
ஊருக்கெல்லாம் சகுனம் சொல்வது
கழுநீர்ப் பானையில்கூட விழவில்லை,
முப்பத்தைந்து ரூபாய் அட்டையில்
நாலு காலும் ஒட்டிக் கிடந்தது.
வால் சற்றுத் தள்ளித் தனியாகத் துடித்தது.
கண்ணாடிக்கு உள்ளே என்றால் சூட்டுப் பாய்,
வெளியே என்றால் பசை.

செக்கு நல்லெண்ணெயில் பஞ்சுக்குச்சியைத் தொட்டு
விரல் விரலாகப் பிரித்தேன், அரைமணி நேரம்.
தாமதத்துக்குக் காரணம் கேட்ட ஆடிட்டரிடம்
"பல்லி, சார்" என்றேன்.
"எந்தத் திசை?" என்றார்.

மிச்சச் சத்தமெல்லாம் பக்கத்து அறையில்.
பூட்டிய அறை. ஏழு பங்காளிக்குப் பொது,
சாவி மட்டும் ஈப்போவில், பெரிச்சியப்பனிடம்.
கதவடியில் ஒரு விரல் சந்து.
பாகப்பிரிவினை பேசாமலே உள்ளே போய்விட்டன.

வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன்.
"எங்க அறையில சத்தமா? காதை வச்சுக் கேட்டீங்களா?"
"பூச்சிங்க, சார்."
"யாரு பூச்சி?"
"நான் வாங்குனதுதான்."
கொஞ்ச நேரம் ஈப்போவில் மழை பெய்தது.
"உங்க வாடகை உங்க அறைக்கு மட்டும்தான்" என்றார்.

அன்று ராத்திரி சிலிகான் குழாயோடு
சந்தின் முன்னால் சம்மணமிட்டேன்.
அடைத்தால் உள்ளேயே காய்ந்து சாகும்.
அடைக்காவிட்டால் வரும்.
முடிவெடுக்குமுன்
சுவரோரமாக அது இறங்கியது,
வாலில்லாமல், எண்ணெய் காயாத முதுகோடு.
என்னை ஆளாகவே மதிக்காமல்
சந்துக்குள் புகுந்தது.

உள்ளே ஒரு பாட்டு
பாதியில் நின்றது.

நோட்டை எடுத்தேன்.
பாட்டில் முப்பத்தெட்டு, டம்ளர் ஒன்பது, பசை நாலு.
மீதி நூற்றெட்டு என்று எழுதி, அடித்து,
நூற்றேழு என்று திருத்தி
பெரிச்சியப்பன் பேரில் பற்று வைத்தேன்.