நான்கு விரற்கடை

பழைய வண்டியில் ஸ்டீயரிங்குக்குக் கீழே
சின்னதாய் ஒரு பல்சக்கரம்.
கட்டைவிரலால் உருட்டினால் போதும்
மீட்டர் வெளிச்சம் தணலாகி, சாம்பல் பூக்கும்.
பாதையை விட்டுக் கண்ணெடுக்க வேண்டாம்.

புது வண்டியில் பத்து அங்குலத் திரை.
சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து
மூன்று பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பினால்
கெடிலம் பாலம், மஞ்சக்குப்பம்,
தெருவிளக்குகளில் ஒன்றும் தெரியாது.
தென்பெண்ணையைத் தாண்டியதும்
அது முன்கண்ணாடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.
ரெட்டிச்சாவடி வயல்களுக்கு மேல்
இன்னொரு வரைபடம் மிதந்து வரும்.
அதன் நீலக் கோட்டுக்குள் புகுந்து
எதிர்லாரிகள் வெளியே வரும்.
நடுவில் என் சட்டைப்பை, பேனாவோடு.

இடது கண்ணில் மட்டும் நீர் வடிந்தது.
ஒற்றைக் கண்ணால் அழுதுகொண்டு
நள்ளிரவில் வீடு திரும்புகிறவனை
மனைவி என்னவென்று கேட்பாள்?

மூன்று வாரம் துண்டு போட்டு மூடினேன்.
போர்வைக்குள் போன் பார்க்கிற பிள்ளை மாதிரி
துணிக்குள்ளிருந்து எரிந்தது.
ரிவர்ஸ் எடுக்கத் துண்டைத் தூக்கு,
எடுத்த பின் துண்டைப் போடு.
"ஆட்டோவுல வச்சிருக்கேன்யா,
இருட்டினா அதுவே குறைஞ்சிக்கும்"
என்றார் முதலாளி குப்புராஜ்.
இருட்டியது.
குறையவில்லை.

நேற்று, முள்ளோடை தாண்டி,
கன்னியக்கோயில் கடைகளின் வெளிச்சம் முடிந்து
சட்டென்று இருள் விழுகிற இடத்தில்
ஒரு சைக்கிள்.
விளக்கில்லை, பின்னால் சிவப்புச் சில்லுமில்லை.
முதலில் தெரிந்தது கேரியரில் வாழைத்தார்,
அடுத்து ஆள்,
அதற்கும் பிறகுதான்
என் கால் பிரேக்கில் இருப்பது.
அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஓரங்கட்டினேன்.
ஜமீலா "என்னாச்சு" என்றுவிட்டுத் தூங்கிப்போனாள்.
இளவழுதி விழிக்கவேயில்லை.
முன்சீட்டில் பெர்பெத்துவா,
மருந்துக் கம்பெனி லேப்,
நாளெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் கண் வைப்பவள்.
துண்டை இரண்டு விரலால் தூக்கினாள்.
"வெளிச்சம் ஜாஸ்தியானா எதுவும் தெரியாதுண்ணே.
தண்ணி மாதிரி இருக்கிறதப் பாக்கணும்னா
முதல்ல லைட்டக் குறைப்போம்."

திரைக்குள் போனாள்.
டிஸ்ப்ளே. பகல். இரவு. ஆட்டோ.
ஆட்டோவில்தான் இருந்தது.
"சென்சார் எங்க?" என்று
டாஷ்போர்டில் விரலை ஓட்டினாள்.
விரல் போய் நின்ற இடத்தில் முருகன்.

முதலாளி ஒட்டிவைத்த முருகன்.
வேல் முனை முதல் மயில் தோகை வரை
சீரியல் பல்பு.
அவர் காலடியில் மிளகளவு கறுப்புப் பொட்டு.
அந்தப் பொட்டு
அவரையே பார்த்துப் பார்த்து
பகல் பன்னிரண்டு மணி என்று
மூன்று வாரமாக நம்பியிருக்கிறது.

சிரிக்கக்கூடாத நேரத்தில் சிரித்தோம்.
பசையை நகத்தால் நெம்பி
நான்கு விரற்கடை தள்ளி வைத்தேன்.
வாய்க்குள்ளேயே ஒரு மன்னிப்பு.
பெர்பெத்துவா சிலுவை போட்டுக்கொண்டாள்,
யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

திரை உடனே அணையவில்லை.
கொஞ்சம் யோசித்தது.
பிறகு, நாம் பேசுவதைக் கேட்க
ரேடியோவைத் தணிக்கிறவர் போல,
இறங்கியது.

கண்ணாடியில் நான் இல்லை.
சாலை இருந்தது.
மைல்கல்லின் மஞ்சள் நெற்றி,
புளியமரத்தடியில் படுத்திருந்த நாயின் காதுகள்,
கிருமாம்பாக்கத்துக்கு முன்னாலேயே
வெகுதூரத்தில் ஆடி ஆடிப் போகும் வாழைத்தார்.
ஹாரன் அடிக்காமல்
ஒரு ஆள் படுக்கிற இடம் விட்டுச்
சுற்றிப் போனேன்.

நோணாங்குப்பம் பாலத்தில்
ஆற்றுக்குக்கூடக் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.
இத்தனை நாள் அதன்மேல்தான் போய்வந்திருக்கிறேன்.

அரியாங்குப்பத்தில் இறங்கும்போது
பெர்பெத்துவா சொன்னாள்,
"நாளைக்காவது அந்தத் துண்ட எடுத்துட்டுப் போங்கண்ணே,
நாறுது."

துவைத்துப் போட்டிருக்கிறேன்.
கடல்காற்று, இன்னும் காயவில்லை.