கைமாறி வந்தது

பாதி விலைக்கு வாங்கினேன், ஆரஞ்சில்.
பழமல்ல, ஊர்.
பாதர்ஸ்டிலிருந்து முக்கால் மணிநேரம்.
விற்றவர் லாக்லன் பிரைஸ்.
பெட்டியை இடுப்பில் அணைத்து
வலக்கையாலேயே தூக்கி வந்தார்.
இடக்கை ஜாக்கெட் பையில் இருந்தது.
ஆகஸ்ட் குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

"கட்டைவிரலை உள்ளே விடாதே, முறித்துவிடும்."
அவ்வளவுதான் பேசினார்.

சலவை இயந்திரத்துக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே
பலகை அறைந்து நான்கு போல்ட் முடுக்கினேன்.
மின்சாரம் ஏறியதும் ஸ்டியரிங்
தானே ஒருமுறை இடம் வலம் திரும்பி
நடுவைத் தேடிக்கொண்டது,
தூங்கி எழுந்தவர் மூக்குக்கண்ணாடியைத் தடவுவது போல.

முதல் வாரம் எல்லாமே நூறு.
பலம் நூறு, கெய்ன் நூறு.
காசு கொடுத்து வாங்கிய எட்டு நியூட்டன் மீட்டரில்
ஒன்றையும் விடுவதாயில்லை.
தோள் வீங்கியது.

மென்பொருளில் ஒரு கோடு ஓடும்.
உச்சியில் முட்டினால் சிவக்கும். அதற்குப் பெயர் கிளிப்பிங்.
முட்டிய பிறகு
ஓரக்கல்லும் ஒன்று, பள்ளமும் ஒன்று,
வழுக்கப்போகிற பின்சக்கரமும் ஒன்று.
எல்லாம் ஒரே கத்தல்.

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.
பகலில் ரத்தம் எடுக்கிறவள் நான்.
அழுத்தித் தேடினால் நாளம் அகப்படாது.
விரல்நுனியை வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும்,
அதுவே எழும்பிக் காட்டிக்கொடுக்கும்.

அறுபத்திரண்டுக்கு இறக்கினேன்.
சாலை வந்தது.

இங்கே மலைமேல் இருக்கும் பந்தயப் பாதை
மற்ற நாளெல்லாம் பொதுச்சாலை.
அறுபதைத் தாண்டினால் அபராதம்.
சில காலைகளில் சுற்றிக்கொண்டு அதன் வழியே போவேன்.
என் கொரோல்லாவின் பவர் ஸ்டியரிங்
நாசூக்கான சொந்தக்காரர் மாதிரி,
எதையும் வாய்விட்டுச் சொல்லாது.
இரவில் அதே வளைவு
உள்ளங்கையில் உரக்கப் பேசும்.

சனிக்கிழமைதான் பார்த்தேன்,
அவர் அழிக்க மறந்த சேமிப்புகளை.
'ஈரம்.' 'மலை.' 'மலை, புது டயர்.'
கீழே
'ஒரு கை.'
'ஒரு கை 2.'
பதினான்கு வரை.

பதினான்கைத் திறந்தேன்.
சுழற்சி, தொள்ளாயிரம் டிகிரி அல்ல, இருநூற்றெழுபது.
பலம் முப்பத்தைந்து.
டேம்பிங்,
செயற்கை என்று நான் பூஜ்யத்தில் வைத்த டேம்பிங்,
நாற்பத்தொன்று.
கியர் ஏற்றம் வலத் துடுப்பில்.
இறக்கமும் வலப்பக்கமே, கட்டைவிரல் பொத்தானில்.
இடப்பக்கத்துக்கு
ஒரு வேலையும் ஒதுக்கவில்லை.

பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும்
அரைப் புள்ளிதான் வித்தியாசம்.
நடுவில் ஐந்து வாரம்.

இடக்கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு ஓட்டினேன்.
ஸ்கைலைனில் சாலை முடிந்து வானம் மட்டும் இருந்தது.
டிப்பரில் வயிறு முன்னே போனது, கார் பின்னால் வந்தது.
எல்போ என்கிற முழங்கை வளைவில்
மூன்று முறை சுவர்.
நான்காம் முறை புரிந்தது,
இந்த ஸ்டியரிங் என்னோடு மல்லுக்கட்டவில்லை,
விட்டுப்பிடிக்கிறது.
நானும் விட்டேன்.
கான்ராட் நேர்சாலை முழுக்க
யாரோ எதிர்ப்பக்கம் பிடித்திருப்பது போல இருந்தது.

'ஏன் விற்றீர்கள்' என்று தட்டி
அழித்தேன்.
'பெடலுக்கு வேறு ஸ்பிரிங் இருக்கிறதா?' என்று அனுப்பினேன்.
'இருக்கிறது.'
கொஞ்சம் கழித்து,
'மலை எவ்வளவு?'

'இரண்டு நிமிடம் பத்தொன்பது. பதினான்கில்.'

மூன்று புள்ளிகள் தோன்றின.
மறைந்தன.
சலவை இயந்திரம் துணி பிழிந்து ஓய்ந்தது.
திரும்பவும் தோன்றின.

'டேம்பிங்கை முப்பத்தெட்டாக்கு.
நான் அதைச் செய்து பார்க்கவில்லை.'